ஒன்பதாம் வகுப்பிலிருந்து

மூன்றாவது தோசையை ஊற்றும்போதே கனகத்துக்குத் தெரிந்துவிட்டது, இன்று இந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடப் போவதில்லை என்று. வெங்கடபதி செருப்போடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் செருப்புப் போடுகிற மனிதர் அல்ல அவர். கையில் மகளின் அரையாண்டு மதிப்பெண் அட்டை.

"கணக்குல இருபத்தொண்ணு. நூத்துக்கு. இது நம்ம புள்ளையோடதே இல்ல. பேப்பரை மாத்தித் திருத்திப்போட்டாங்க."

பிளஸ் ஒன் படிக்கும் ஹர்ஷிணி பின்னலின் நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா... பேப்பர் என்னோடதுதான்."

"நீ சும்மா இரு அம்மணி. ஆன்லைன்ல தொண்ணூறு, தொண்ணூத்தி ரெண்டுன்னு வாங்கறவ ஸ்கூல்ல மட்டும் எப்படி இருபத்தொண்ணு வாங்குவே? நேர்ல போய்க் கேட்டுட்டுத்தான் மறுவேலை."

வெங்கடபதியின் அக்கா ரங்கநாயகி சாம்பாரில் தோசையை நனைத்தபடியே சொன்னாள். "கண்ணு பட்டுப்போச்சுடா. மார்க்க வாட்ஸ்அப் குரூப்புல போடாதே போடாதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அந்தப் பல்லடத்துச் சித்தப்பன் பார்வை ஒண்ணு போதும்."

கணவனின் அக்காவை அந்த வீட்டுத் தெலுங்கு வழக்கப்படி கனகம் வதினா என்றுதான் அழைப்பாள். வதினாவுக்கு இன்னொரு தோசை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. மகளும் அவளைப் பார்க்கவில்லை.

அந்த ஆன்லைன் வகுப்பை ஜூன் மாதத்தில் வாங்கிக்கொடுத்தது வெங்கடபதிதான். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புக்கு உதிரிபாகம் கடையும் லேத் பட்டறை வைத்திருப்பவர். மகள் இன்ஜினியர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. நேரக்கட்டுப்பாடு இல்லாத வகுப்பு அது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு பாடத்தின் தேர்வில் தேறினால்தான் அடுத்த பாடம் திறக்கும். தேறியதும் ஒரு சான்றிதழ் வரும். அது மாணவிக்கும் வரும், பெற்றோர் கைபேசிக்கும் வரும்.

ஹர்ஷிணி முதல் வாரம் பார்த்தாள். அப்புறம் டேப்லெட் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. ஒரு நாள் பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் குளிக்கப் போய்விட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கனகம், கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். திரையில் ஆள் முகம் தெரியவில்லை. ஒரு கையும் பேனாவும், நிதானமான ஒரு பெண் குரலும். குளித்துவிட்டு வந்த மகள் சிரித்தாள். "உனக்கு வேணும்னா பாரும்மா. எனக்கு அது ஆகாது."

கனகம் போத்தனூரில் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணம் நிச்சயமானது. கல்யாணம் ஆனால் என்ன, பரீட்சையை எழுதட்டும் என்று சபையிலேயே சொன்னார் மாமனார். சொன்னவர் அடுத்த ஆண்டே போய்விட்டார். மாமியார் படுக்கையில் விழுந்தார். வதினா கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். குழந்தை பிறந்தது. யாரும் அவள் படிப்பைத் தடுக்கவில்லை. அந்தப் பேச்சு எழவே இல்லை, அவ்வளவுதான்.

மகள் விட்டுப்போன டேப்லெட்டில் புதிதாகத் தொடங்கப் போய், எந்த வகுப்பிலிருந்து தொடங்க விருப்பம் என்று திரை கேட்டபோது, கனகம் வெகுநேரம் யோசித்து ஒன்பதாம் வகுப்பை அழுத்தினாள். மறந்துபோனதை மறந்துபோனது என்று ஒப்புக்கொள்ள அங்கே கூச்சமில்லை. வீட்டு வேலை முடிந்து, பட்டறைக்குச் சாப்பாடு அனுப்பும் வரை கிடைக்கும் நேரம் அவளுடையது. குழம்பு கொதித்தால் நிறுத்துவாள். அந்தக் கை பேனாவோடு அப்படியே நிற்கும். வதினா மாத்திரை கேட்டால் நிறுத்துவாள். திரும்பி வரும்வரை அது நிற்கும். தன் பொருட்டு ஏதோ ஒன்று காத்திருப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

சான்றிதழ் கணவனுக்கும் போகும் என்பது அவளுக்குத் தெரியாது. முதல் சான்றிதழ் வந்த அன்று வெங்கடபதி அதைப் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, இனிப்புக்கடை டப்பாவோடு வீட்டுக்கு வந்தார்.

"சொல்லிப்போடலாம் கண்ணு," என்றாள் கனகம் அன்று, மகளிடம் மட்டும்.

"வேண்டாம்மா. அப்பா எவ்வளவு சந்தோஷமா இருக்காரு. சொன்னா என்னைய இப்பவே உக்கார வெச்சுருவாரு. ஸ்கூல்ல நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்கறேன்."

கனகம் சம்மதித்தாள். மகளுக்காகச் சம்மதித்தேன் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால், பல்லடத்துச் சித்தப்பா 'நம்ம வம்சத்துல ஒரு கணக்குப் புலி' என்று போட்டிருந்ததைக் கணவன் வாசித்துக் காட்டியபோது, துணி காயப்போடும் சாக்கில் மொட்டைமாடிக்குப் போய் வெறுமனே நின்றாள். அந்த வார்த்தை தன்னுடையது என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த சான்றிதழ் எப்போது வரும் என்று அவளும் காத்திருக்கத் தொடங்கினாள். மகள் பள்ளியில் என்ன எழுதுகிறாள் என்று அந்த மாதங்களில் அவள் கேட்கவில்லை.

அன்று பள்ளியில் கணித ஆசிரியை கிருபாவதி கணவன் மனைவி இருவரையும் உட்காரச் சொன்னார். வெங்கடபதி நிற்கவே விரும்பினார். கடைசியாக வந்த சான்றிதழ்களைக் கைபேசியில் திறந்து நீட்டினார்.

"பாருங்க டீச்சர். இவ்வளவு மார்க் வாங்கற புள்ளைங்க இது."

ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் பார்த்தார். ஒன்றைப் பார்த்தார், இன்னொன்றையும் பார்த்தார்.

"இதுல டெஸ்ட் எழுதுன நேரம் போட்டிருக்குங்க சார். செவ்வாய்க்கிழமை காலைல பதினொண்ணே கால். அந்த நேரம் ஹர்ஷிணி என் கிளாஸ்ல இருந்தா. நான்தான் அட்டெண்டன்ஸ் எடுத்தேன்."

"அப்ப இது யாரு எழுதுனது?"

ஆசிரியை கனகத்தின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "குழந்தையத் திட்டாதீங்க. அவளுக்கு அடிப்படையே சிக்கலா இருக்கு. சொல்லிக்கொடுத்தாத் தேத்திரலாம்."

மேட்டுப்பாளையம் சாலையில் கார் நின்று நின்று நகர்ந்தது. சிக்னலில் வெங்கடபதி மனைவி பக்கம் திரும்பினார்.

"நீயா எழுதுனே?"

"ஆமாங்க."

"புள்ளைக்கு மார்க் வரோணும்னு திருட்டுத்தனமா நீ உக்காந்து எழுதியிருக்கே."

கனகம் சாலையைப் பார்த்தாள். மகள் முதல் வாரத்திலேயே விட்டுவிட்டாள் என்று சொல்லலாம். எழுதியது எனக்காக என்று சொல்லலாம். முதலாவதைச் சொன்னால் இவர் கோபம் முழுக்கப் பிள்ளை மேல் திரும்பும். இரண்டாவதை மட்டும் தனியாகச் சொல்ல வழியில்லை.

"தப்புத்தானுங்க," என்றாள்.

"சொந்தபந்தம் முன்னால என்ற மானத்த வாங்கிப்போட்டயே... அவ படிப்பையும் கெடுத்துப்போட்டயே."

வீட்டுக்கு வந்ததும் டேப்லெட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். விஷயம் தெரிந்த வதினா சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பெத்தவளே இப்படிச் செய்யலாமா கனகம்? வேலை செஞ்சு களைச்சுத்தான் நீ அங்க உக்காந்திருக்கேன்னு நான் நெனச்சேன். உன்ற மேல பாவப்பட்டு நானே ரெண்டு நாள் காப்பி போட்டுக் குடிச்சேன்."

கனகத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அரிசி களையப் போனாள்.

சாயங்காலம் அத்தையிடம் நடந்ததைக் கேட்டுவிட்டு ஹர்ஷிணி புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்தாள். "ஏம்மா உண்மையச் சொல்லல?"

"ஒரு தப்புக்கு ஒருத்தரு திட்டு வாங்கினாப் போதும் கண்ணு. பால் ஆறுது, குடி."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. வெங்கடபதி மனைவியிடம் மகள் மூலமாகவே பேசினார். உங்கம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளு. உங்கம்மாகிட்ட நான் மத்தியானம் வரலைன்னு சொல்லு. கனகம் இரண்டடி தள்ளி நின்றிருப்பாள். வேலைகள் எப்போதும்போல் நடந்தன. காலையில் பதினொரு மணி வாக்கில் மேசை துடைக்கப்பட்டுக் காலியாகக் கிடக்கும். கனகம் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தாள், ஒரு நாள். கை தானாக ஈர மேசையில் ஒரு முக்கோணம் வரைந்தது. எழுந்து போய்க் கறிவேப்பிலை உருவினாள். பதினொன்றாம் வகுப்பின் முக்கோணவியல் வரை வந்திருந்தாள் அவள். முன்பு நின்றுபோன அதே இடம். இனி அந்தப் பக்கம் போகவே முடியாது என்று தோன்றியபோது அழுகை வரவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெங்கடபதி டேப்லெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உக்காரு அம்மணி. இனிமே என்ற முன்னாடிதான். எங்க உட்டிருக்குதோ அங்கிருந்து போடு."

விட்ட இடத்திலிருந்து தொடரவும் ஹர்ஷிணி, என்றது திரை. பதினொன்றாம் வகுப்பு, முக்கோணவியல், இரண்டாம் பகுதி. ஹர்ஷிணி அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியலப்பா."

"முயற்சி பண்ணு."

"தெரியலப்பா. இது நான் உட்ட எடமில்ல."

வெங்கடபதி கையால் மேசையை ஓங்கித் தட்டினார். "எப்படித் தெரியும்? எல்லாத்தையும் உங்கம்மா எழுதிக்குடுத்துட்டா..."

"அம்மா எனக்கு எதுவும் எழுதிக்குடுக்கல." ஹர்ஷிணி டேப்லெட்டைத் தள்ளி வைத்தாள். "நான் ஒரு வாரத்துலயே உட்டுட்டேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னது நான். எனக்காக எழுதறவங்க பதினொண்ணாவதுலதானப்பா ஆரம்பிப்பாங்க? அம்மா ஒம்பதாவதுல இருந்து ஆரம்பிச்சாங்க. நீங்க குரூப்புல போட்ட சர்ட்டிபிகேட்ட எடுத்துப் பாருங்க. பெருசா அதைத்தான் போட்டிருக்கு."

அவர் நம்பாமல் கைபேசியை எடுத்தார். விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். மகளின் பெயர், பொன்னிறக் கரை, தொண்ணூற்றிரண்டு சதவீதம். நடுவில், பெயரைவிடப் பெரிய எழுத்தில், ஒன்பதாம் வகுப்பு: மெய்யெண்கள். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழ் வந்திருந்தது. அதைத்தான் அவர் அத்தனை பங்காளிகளுக்கும் அனுப்பியிருந்தார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், கைகூப்புகள், வருங்கால இன்ஜினியருக்கு வாழ்த்துகள். அனுப்பியவர் வாசிக்கவில்லை. வாழ்த்தியவர்களும் வாசிக்கவில்லை.

அடுத்ததைப் பார்த்தார். அதுவும் ஒன்பதாம் வகுப்பு. அதற்கடுத்தது பத்தாம் வகுப்பு.

"எனக்குக் கணக்கு வரலப்பா," என்றாள் ஹர்ஷிணி. "அதுக்கு அம்மா என்ன பண்ணுவாங்க? அவங்க அவங்களுக்காகப் படிச்சாங்க."

சமையலறை வாசலில் கனகம் நின்றிருந்தாள். ஹர்ஷிணி எழுந்து ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கனகம் ஒரு கையால் மகளின் முதுகைத் தடவினாள். மறு கையில் இஞ்சி அரைத்த ஈரம் இருந்தது, அதைத் தள்ளியே வைத்திருந்தாள்.

வெங்கடபதி கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"கல்யாணத்தப்ப எங்கப்பா ஒண்ணு சொன்னாரு," என்றார், யாரையும் பார்க்காமல். "பரீட்சை எழுதட்டும்னு."

"சொன்னாருங்க."

"உனக்கு ஞாபகம் இருக்குது."

"இருக்குதுங்க."

"எனக்கு இல்லாமப் போச்சு கனகம்." தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லாத வாய்க்கு அதற்குமேல் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். பிறகு குழுவில் ஒரே ஒரு வரி தட்டினார். அதை மனைவியிடம் நீட்டினார். 'இதெல்லாம் எழுதியது என் மகள் அல்ல. என் மனைவி கனகம்.'

வதினா முந்தானையால் கண்ணை ஒற்றினாள். "நீ வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க இப்படிப் பேசியிருப்பமா?"

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க வதினா."

வதினாவின் கை முந்தானையோடு அப்படியே நின்றது.

ஹர்ஷிணியின் பெயரில் சேர்ந்ததை வேறு பெயருக்கு மாற்ற முடியாது என்று வகுப்பு நடத்துகிறவர்கள் போனில் சொல்லிவிட்டார்கள். வெங்கடபதி அவர்களோடு சண்டைக்கு நின்றார். "உடுங்க," என்றாள் கனகம். "பேரு மட்டுந்தான அவ பேரு. படிச்சது என்றகிட்டத்தான இருக்குது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் பெயரிலேயே அவள் புதிதாகச் சேர்ந்தாள். எந்த வகுப்பில் உட்காரலாம் என்று பார்க்க முதலில் ஒரு தேர்வு. மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். குக்கர் சத்தமிட்டது, ஹர்ஷிணி போய் அணைத்தாள். வதினா மாத்திரை டப்பாவைத் தேடினாள், தேடி எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் வந்தது, தாண்டியது. வெங்கடபதி இரண்டு முறை மேசையருகே வந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

கடைசியில் கனகம் நிமிர்ந்தாள். திரையில் முடிவு வந்திருந்தது. அதை அவள் நிதானமாக வாசித்தாள்.

"எவ்வளவு வந்துச்சு?" என்றார் வெங்கடபதி.

"வந்துச்சுங்க."

"எவ்வளவு?"

"எனக்குத் தெரிஞ்சாப் போதுங்க," என்றாள். குரலில் கோபமில்லை.

அவர், அந்த வீட்டில் முதல்முறையாக அனுமதி கேட்பவர்போல, "சாப்பிடலாமா?" என்றார்.

"நீங்க எல்லாரும் போட்டுச் சாப்பிடுங்க," என்றாள் கனகம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு இப்பத்தான் பாடம் தொறந்திருக்குது."