பச்சைக் கோட்டின் இடது கை

"ஆ... ஆ... ஆ!"

காலை பதினொரு மணிக்கு அந்த அலறல் தெருவையே உலுக்கியது.

அலறியவர் நாய் டாக்டர். அவருடைய இடது கையைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது வாலாட்டி. அதுவரை ஒரு பூனையைக்கூடத் துரத்தாத நாய்!

ஊசி போட வந்தவருக்கே ஊசி!

ஒரு மணி நேரம் கழித்து...

கையில் கட்டோடும் மடியில் கிழிந்த பச்சைக் கோட்டோடும் சோபாவில் டாக்டர். எதிரே லேடி இன்ஸ்பெக்டர். சுவரோரம் வீட்டுக்காரி. தையல் மெஷின் பக்கத்தில் அவள் கணவன், டெய்லர்.

"நாய் யாரோடது?"

"இவளோடது மேடம்." டெய்லர் முந்திக்கொண்டான். "லைசென்ஸ் இவ பேர்லதான் இருக்கு."

"நாய் கடிச்சா வளர்க்கிறவங்கதாம்மா பொறுப்பு. கட்டிப் போடாம விட்டதுக்கே கேஸ் உண்டு. கடிக்கும்னு தெரிஞ்சே விட்டிருந்தா... ஜெயில்!"

அவள் முகம் வெளுத்தது.

"சத்தியமா தெரியாது மேடம்! போன வாரம்தான் கல்யாண நாள் பரிசுன்னு இவரு லைசென்ஸை என் பேருக்கு மாத்திக் கொடுத்தாரு..."

"தெரியாதா? மூணு தடவை என் மேலயே பாஞ்சுது மேடம். கட்டிப் போடுடின்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா?"

பொய்! வடிகட்டின பொய்!

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டாள்.

டெய்லரின் வயிறு குளிர்ந்தது. இரண்டு மாதமாக எரிந்த வயிறு அது. நாயின் காதுவலிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் டாக்டர் ஏதோ சொல்ல, இவள் சிரித்தாள். தன்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம்! அதற்கப்புறம் வாரா வாரம் கிளினிக்...

"மேடம், ஒரு நிமிஷம்." டாக்டர் முனகினார். "இந்தப் பச்சைக் கோட்டை ஒன்றரை மாசம் இழுத்தடிச்சு நேத்துதான் இவரு கொடுத்தாரு."

"டெய்லர்னா அப்படித்தான் சார். என் ரவிக்கை மூணு மாசமா வரல." இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டாள்.

"அதில்ல. இதைப் பாருங்க." பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே பச்சை நூல் பிசிறுகள்! "வாலாட்டியோட பல்லிடுக்குல வாரா வாரம் எடுத்தது. எதைக் கடிக்குதுன்னு தெரியாமத்தான் இந்தம்மா என்கிட்ட வந்துட்டே இருந்தாங்க."

கிழிந்த கோட்டின் மேல் நூலை வைத்தார். அதே பச்சை!

டெய்லருக்கு இப்போதுதான் புரிந்தது. அவன் நாயைக் கடிக்கப் பழக்கப் பழக்க, அதன் பல்லில் நூல். நூல் சிக்கச் சிக்க அவள் கிளினிக்குக்கு. அவள் போகப் போக இவனுக்கு எரிச்சல். எரிய எரிய இன்னும் பழக்கினான்!

"டெய்லர் வீட்டுல நூல் கிடக்காதா மேடம்?"

அப்போது கொல்லைப்பக்கமிருந்து எதையோ இழுத்துக்கொண்டு ஓடி வந்தது வாலாட்டி. டெய்லரின் காலடியில் போட்டது. அவன் சட்டைப் பையைப் பார்த்து வாலை ஆட்டியது. தினமும் அங்கிருந்துதானே பிஸ்கட் வரும்!

பஞ்சு அடைத்த பச்சைத் துணிக் கை... இடது கை... டாக்டரின் கை அளவு இம்மியும் பிசகவில்லை!

அவள் ஓவென்று அழுதாள்.

"என்னை ஜெயிலுக்கு அனுப்பவா பரிசு கொடுத்தீங்க?"

"அந்தாளைப் பார்த்துச் சிரிச்சியேடி!"

"வாலாட்டி எந்நேரமும் உங்க மெஷினடியிலதான் படுக்குதுன்னு சொன்னேன். அதுக்கு உங்களைவிட நல்ல எஜமான் கிடைக்கமாட்டார்னு டாக்டர் சொன்னாரு... பெருமையா இருந்துச்சு. சிரிச்சேன்!"

டெய்லர் ஸ்டூலில் சரிந்தான்.

"நா... நான் தைக்கல மேடம்! யாரோ தைச்சு..."

இன்ஸ்பெக்டர் துணிக் கையின் மடிப்பைப் பிரித்தாள். உள்ளே, நாலு மூலையும் நேர்த்தியாகத் தைத்த சின்னப் பட்டை. தைத்து முடித்த எதையும் கடை லேபிள் இல்லாமல் கீழே வைத்துப் பழக்கமில்லை அவனுக்கு!

இன்ஸ்பெக்டர் எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டாள். விலங்கை எடுத்தாள்.

"லைசென்ஸைப் பொண்டாட்டி பேருக்கு மாத்தின ஆளு... லேபிளையும் மாத்தியிருக்கக் கூடாதா, டெய்லர் சார்?"