பின்பலகையில் எட்டு ஆணி

திருச்செல்வம் மூன்று முறைதான் தட்டினான். நாலாவது தட்டு அவனுடையதல்ல.

பழைய ஸ்பீக்கர் பெட்டி வாங்கப் போகிற கிட்டார்காரன் எவனும் முதலில் அதைத்தான் செய்வான். விரல் முட்டியால் பின்பலகையைத் தட்டிப் பார்ப்பான். பலகை எங்காவது தளர்ந்திருந்தால் சத்தம் அதிரும். இறுகியிருந்தால் ஒரே 'டொக்'. இந்தப் பெட்டி நன்றாக இறுகியிருந்தது. அவன் கையை எடுத்த பிறகும் இன்னொரு 'டொக்' கேட்டது, அவ்வளவுதான். வெளியே கண்டி பஸ்களின் இரைச்சல், பக்கத்துக் கடையில் தகரம் வெட்டுகிறார்கள், இதற்குள் ஒரு தட்டுக் கூடக் கேட்டால் என்ன என்று தன்னையே அதட்டிக்கொண்டான்.

எண்பத்தாறாம் ஆண்டு அது. வாவிக்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒன்று சனிக்கிழமைகளில் பழைய ஆங்கில ரொக் பாட்டுகள் வாசிக்க ஆள் தேடியது. நாளை மறுநாள் வாசித்துக் காட்ட வேண்டும். கிட்டார் இருந்தது, சத்தம் கூட்டுகிற அம்ப் இருந்தது, பெட்டிதான் இல்லை. ரேடியோ திருத்துகிற மஹ்மூத் நானாவின் கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று புதியது, பின்பக்கம் திறந்தது, சத்தம் தகரம் மாதிரிக் கூர்மை. மற்றது நாலு ஸ்பீக்கர் போட்ட பெரிய பெட்டி, பின்பக்கம் முழுதாக மூடியது. அதில் ஆறு கம்பியும் சேர ஒரே ஒரு கோர்ட் வாசித்ததும் அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அடியில் கனம், நடுவில் சூடு, ஓரத்தில் லேசான கிழிசல். மூன்று வருடமாக அவன் தேடிய சத்தம் அதுதான். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த சத்தம். அதுதான் சங்கடமாக இருந்தது.

"இது எங்கயிருந்து வந்தது நானா?"

"கலகெதரயில ஒரு வீட்டுல கெடந்திச்சு தம்பி. கலவரத்துக்குப் பொறகு எந்தச் சாமான் எங்கயிருந்து வந்திச்சுன்னு யாரு கேக்குற? வெறும் கூடுதான், உள்ளுக்கு ஸ்பீக்கர் ஈக்கல்ல. அங்கத்த தச்சு பாஸ் ஒருத்தர் புது ரெக்சின் ஒட்டி ஆக்கித் தந்தார். நம்ம கடையில நாலு ஸ்பீக்கர் கெடந்திச்சு. யாரோ கோன் பேப்பர் மாத்தத் தந்துட்டு வரவே இல்ல. அளவெடுத்த மாதிரிப் பொருந்திச்சு."

"என்னவோ மணக்குது."

"உள்ளுக்கு எலி செத்துக் கெடந்திருக்கும்னு பாஸ் சொன்னார். கழுவிக் காயவெச்சாச்சு. ரெண்டையும் கொண்டுபோங்க, ஊட்டுல வாசிச்சுப் பாத்துப் புடிச்சத வெச்சுக்கோங்க."

புதியதை மட்டும் வாங்கிக்கொண்டு அந்தப் பெரிய பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு பெட்டியை விட்டுவிட்டு ஓடியவன் அவன்.

எண்பத்து மூன்று ஜூலையில் அவன் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தான். மனைவி பத்மாதேவி யாழ்ப்பாணத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். கூட இருந்தவன் அவளுடைய அண்ணன் விவேகானந்தன், பேஸ் கிட்டார் வாசிப்பவன், ஒல்லி, ஐந்தடி உயரம். தமிழர் வீடுகளைத் தேடி அடித்த கூட்டம் தெருமுனைக்கு வந்தபோது விவேகானந்தனுக்குக் காலில் சுளுக்கு, மதில் ஏற முடியாது. ஸ்பீக்கர்களை விவேகானந்தனே கண்டியில் எங்கோ திருத்தக் கொடுத்திருந்ததால் அவர்களுடைய பெரிய பெட்டி, முன்துளைகளுக்குப் பலகை அடித்தபடி, வெறுமையாக இருந்தது. "மச்சான், நான் இதுக்குள்ள இருக்கிறன். நீ பலகையைப் பூட்டிப்போட்டு மதிலால ஏறு. அவங்கள் போனாப் பிறகு வந்து திற" என்று அவனேதான் சொன்னான். முழங்காலை மோவாயில் இடித்துக்கொண்டு உள்ளே குந்தினான்.

இரண்டு மூலையில் இரண்டு ஆணி போட்டிருந்தால் போதும். உதைத்தால் பலகை கழன்றிருக்கும். ஆனால் திருச்செல்வத்தின் கைக்கு வேறு பழக்கம். ஓர் ஆணி தளர்ந்தாலும் மேடையில் பெட்டி அதிர்ந்து சத்தத்தைக் கெடுக்கும். கூட்டத்தின் கூச்சல் காதில் விழ விழ, அவன் கை எட்டு ஸ்குரூ ஆணிகளையும் ஒவ்வொன்றாக, அசையாதபடி இறுக்கிவிட்டது. பிறகு மதிலேறிப் பக்கத்துச் சிங்களக் குடும்பத்தின் குசினிக்குள், அடுப்புக்குப் பின்னால் ஒளிந்தான். பொழுது சாயத் திரும்பி வந்தபோது வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. கதிரை, அலுமாரி, பெட்டி எல்லாம் லொறியில் போயிருந்தன.

பத்மாவிடம் அவன் சொன்னது வேறு. "அண்ணை பின்பக்கத்தால ஓடினவர். ஹுன்னஸ்கிரியப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குள்ள போனதாக் கேள்வி." அவள் நம்பினாள். இன்றைக்கும் தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். உண்மை தெரிந்தால் ஒரு நிமிடமும் தன்னோடு இருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு அவளை விட்டால் வேறு யாருமில்லை.

இப்போது அவர்கள் இருந்தது அஸ்கிரிய மேட்டில் ஒரு சின்ன வீடு. முன்பு குடியிருந்த மரக்கறி வியாபாரி மூட்டை அடுக்கிய அறையைத்தான் கிட்டார் வாசிக்கும் அறையாக்கியிருந்தான். தாழ்ப்பாள் இரண்டும் கதவுக்கு வெளியேதான் இருந்தன. நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அவன் புதிய பெட்டியில் வாசித்தான், பெரியதில் வாசித்தான், திரும்பப் புதியதற்குப் போனான். உட்கார முடியவில்லை. பெரிய பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பினான், மூலைக்குத் தள்ளினான், அங்கே வைத்ததும் அது தன்னைப் பார்ப்பது போலத் தோன்றி மறுபடி நடுவுக்கு இழுத்தான். ரெக்சின் பசையின் நெடிக்கு அடியில் பழைய வியர்வையும் மூத்திரமும் கலந்த ஒரு மணம் மெல்ல மெல்ல எழுந்து, மழையின் ஈர மணத்தையும் பத்மா அடுப்பில் வைத்திருந்த சோற்றின் மணத்தையும் தள்ளிக்கொண்டு அறை முழுக்க நிறைந்தது. ஜன்னலைத் திறந்தான். போகவில்லை.

கரண்ட் போயிற்று. அம்பின் சிவப்பு விளக்கு அணைந்தது.

பெட்டி இரைந்துகொண்டே இருந்தது.

வயரைப் பிடுங்கினான். இரைச்சல் நிற்கவில்லை. உள்ளே மரத்தில் யாரோ தட்டினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. சீரான இடைவெளி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் விவேகானந்தன் தன் கிட்டார்க் கட்டையில் அப்படித்தான் தட்டுவான். நாலு தட்டு முடிந்தால் பாட்டுத் தொடங்க வேண்டும்.

பத்மா மெழுகுதிரியோடு கதவடியில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இது அண்ணையின்ரை தட்டெல்லோ?"

"மழைத்தண்ணி சொட்டுது, பத்மா."

மறுபடி நாலு தட்டு. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உண்மையான பயம் வந்தது.

"திறவுங்கோ."

"நாளைக்கு, வெளிச்சத்தில..."

"இப்ப திறவுங்கோ."

அவன் அசையவில்லை. அவளே ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். முதல் ஆணி சிமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. இரண்டாவது. மூன்றாவது. தட்டு நின்றிருந்தது. உள்ளே இருப்பது எதுவோ, அது காத்திருந்தது. ஏழாவது. எட்டாவது.

பலகையைச் சரித்தாள். உட்பக்கம் நீல மையில், இருவரும் சேர்ந்து எழுதியது: விவேகன், செல்வம், கம்பளை, 1979. கம்பளைத் தச்சரிடம் பெட்டியைச் செய்வித்த நாள். அந்த எழுத்துக்குக் கீழே குதிகால் இடித்த பள்ளங்கள். உட்சட்டத்தில் ஆணி முனைகள் எட்டிப் பார்த்த இடங்களைச் சுற்றி நகக் கீறல்கள். ஓரிடத்தில் நகமே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அந்தத் துளைகளை விரல் வைத்து எண்ணினாள். மெதுவாக. எட்டு.

"ஆர் பூட்டினது?"

அவன் தன் வலது கையைப் பார்த்தான்.

"ரெண்டு ஆணி காணாதோ, எட்டும் போடவேணுமோ?" என்று கேட்டாள்.

"கை... கைப்பழக்கம், பத்மா. தெரியாமல்..."

அவள் அழவில்லை. மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. அந்தக் கதவுக்கு ஒன்றே போதும். இரண்டாவதும் விழுந்தது.

"பத்மா! பத்மா!"

காலடி குசினிப் பக்கம் போயிற்று. பிறகு மழை மட்டும்.

ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. திறந்த பெட்டிக்குள் நாலு ஸ்பீக்கர்களும் வயர் இல்லாமல், கரண்ட் இல்லாமல், முன்னும் பின்னும் அசைந்தன. இளஞ்சூடான காற்று வந்து அவன் முகத்தில் பட்டது. போனது. வந்தது. சுவரோடு ஒட்டித் தரையில் குந்தினான். முழங்கால் மோவாயில் இடித்தது.

மரத்தில் தட்டு விழுந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நாலாவது மரத்தில் விழவில்லை. அவன் முழங்கால் எலும்பில் விழுந்தது.