இருபத்தொரு பச்சை விளக்கு

"மேடம்... கார்டை மட்டும் தனியா எடுத்து வைங்க. பர்ஸோட வச்சா மெஷின் பாவம், என்ன பண்ணும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. வெளியே மழை கொட்டுகிறது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கருவிப் பை தோளை இழுக்க, ஓடி வந்து இந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். பர்ஸை மெஷின் மேல் வைத்தால் சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தால் மறுபடியும் சிவப்பு. பின்னால் நாலைந்து பேர் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். இந்த அழகில் டிரைவர் பாடம் நடத்துகிறான்!

"மெஷின்லதான் ஏதோ கோளாறு," என்றாள் விறைப்பாக.

"அப்படியா? அப்போ ரிப்பேர்காரங்களைத்தான் கூப்பிடணும். அவங்க வந்து சேர்றதுக்குள்ள மழையே நின்னுடும்."

"யாரையும் கூப்பிட வேண்டாம். நான்தான் அந்த ரிப்பேர்காரி."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பர்ஸுக்குள் பஸ் கார்டு இருக்கிறது, பேங்க் கார்டு இருக்கிறது, போதாக்குறைக்கு ஆபீஸில் கொடுத்த சோதனைக் கார்டும் இருக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் பேசினால் மெஷின் யார் பேச்சைத்தான் கேட்கும்? 'ஒரு கார்டை மட்டும் வைக்கவும்' என்று எல்லா பஸ்ஸிலும் அறிவிப்பு ஒட்டியவளே அவள்தான்...

பஸ் கார்டை உருவி வைத்தாள். 'பீப்'. பச்சை.

அவன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடுதான் தெரிந்தது. உதட்டை ஒரு வழியாக அடக்கிவிட்டான். கண்களை அடக்கத் தெரியவில்லை. சே, என்ன கண்ணோ... அவள் விறுவிறுவென்று கடைசி சீட்டுக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இறங்கும் வரைக்கும் திரும்பவே இல்லை. இரண்டு தடவையைத் தவிர.

நாலு நாள் கழித்து டிப்போவில் அவள் மேஜைக்கு ஒரு புகார்ச் சீட்டு வந்தது. பதினேழாம் நம்பர் பஸ். 'கார்டு மெஷின் சில சமயம் சத்தம் போடுவதில்லை.' கீழே டிரைவர் கையெழுத்து.

போய்ப் பார்த்தாள். மெஷினுக்குக் கரன்ட் வர வேண்டுமென்றால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், என்ஜின் ஓட டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும். இருந்தான்... அதே கண்களோடு. சோதனைக் கார்டை மூன்று முறை வைத்துப் பார்ப்பது விதி. வைத்தாள். மூன்று முறையும் பீப், மூன்று முறையும் பச்சை.

"நல்லாத்தானே இருக்கு?"

"நீங்க வந்ததும் ஒழுங்காயிடுச்சு. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போற மாதிரி."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கினாள். அடுத்த வாரமே இரண்டாவது சீட்டு வந்தது. 'விளக்கு மங்கலாக எரிகிறது.' அதற்கடுத்து, 'கார்டை வைத்தால் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறது.' நாலாவது சீட்டில் வெட்கமே இல்லாமல், 'மெஷின் சோர்வாகக் காணப்படுகிறது' என்று எழுதியிருந்தான்.

ஒவ்வொரு முறையும் அவள் போனாள். அவன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். பஸ்ஸில் ஏறும் ஒரு தாத்தா தினமும் மெஷினுக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கார்டு வைக்கும் கதையைச் சொன்னான். அவள் கதை கேட்டாள், டீ குடித்தாள், கார்டை வைத்தாள். பீப். "எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடறேன்." பீப். "டீ சூடா இருக்கு, ஆறட்டும்... அதுக்குள்ள ஒரு தடவை." பீப். கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் மனசு லேசாக இருந்தது. ஏன் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே!

செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். டிப்போ முழுக்க அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடும்.

"உட்காரும்மா. பதினேழாம் நம்பர் மெஷின் மேல ஒரே மாசத்துல நாலு புகார். மூணுக்கு மேல போனா பார்த்த ஆள் வேலை சரியில்லைன்னு அர்த்தம். நான் சொல்லல, ரூல் புக் சொல்லுது. வெள்ளிக்கிழமை உன்னை நிரந்தரம் பண்ற ஆர்டர்ல நான் கையெழுத்துப் போடணும்... என்னன்னு போட?"

அவள் இரண்டு வருஷமாகத் தற்காலிகம். அந்த ஆர்டருக்காக வெயில் மழை பார்க்காமல் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியிருக்கிறாள். அப்பா இப்போதே அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்துவிட்டார்.

நேராகப் பதினேழாம் நம்பரிடம் போனாள். அவன் ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டே நிமிர்ந்தான்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் பொய்தானே?"

அவன் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு விழித்தான். "அது... உங்களை வேற எப்படிப் பார்க்கறதுன்னு..."

"உங்க விளையாட்டுக்கு என் வேலைதான் கிடைச்சுதா? நாலு புகாரும் என் தலைல விழுந்திருக்கு. வெள்ளிக்கிழமை என்னை நிரந்தரம் பண்ணுவாங்களா, வீட்டுக்கு அனுப்புவாங்களான்னே தெரியல!"

"ஐயோ... சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. மெஷின் மேலதான் புகார்னு நினைச்சேன்."

"இனிமே என்கிட்ட பேசாதீங்க."

மூன்று நாள் அவள் பதினேழில் ஏறவில்லை. அவன் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து காத்திருந்தான். அவள் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தே போனாள். கால் வலித்தது. அதைவிட, திரும்பிப் பார்க்காமல் நடப்பது கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பெரியக்கா அறைக்குள் போனால், அவன் அங்கே சுவரோரம் நின்றுகொண்டிருந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. மேஜை மேல் ஐந்தாவதாக ஒரு புகார்ச் சீட்டு. பெரியக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'பழுது மெஷினில் இல்லை. முந்தைய நாலு புகாரும் பொய். மெஷினைப் பார்க்க வருபவரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நானே எழுதியவை. அவர் வேலையில் ஒரு குறையும் கிடையாது. தண்டனையை எனக்குக் கொடுக்கவும்.' இந்த நாற்காலியில இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கேன், இப்படி ஒரு சீட்டைப் பார்த்ததில்ல. தம்பி, பொய்ப் புகாருக்கு ஒரு மாசம் விடிகாலை முதல் வண்டி. நாலே முக்காலுக்கு டிப்போவுல இருக்கணும். சரியா?"

"சரிக்கா," என்றான் அவன். முனகக்கூட இல்லை.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் ரோஷம் விடுகிறதா? "எனக்கும் இவருக்கும் ஒரு பேச்சும் இல்லக்கா. நான் என் வேலையைத்தான் பார்த்தேன்."

"அப்படியா?" பெரியக்கா இன்னொரு காகிதத்தை எடுத்தார். "யார் எப்போ கார்டு வச்சாலும் மெஷின் குறிச்சு வச்சுக்கும்னு உனக்குத் தெரியாதாம்மா? உன் சோதனைக் கார்டு, முதல் தடவை மூணு. அது விதி, சரி. ரெண்டாவது தடவை ஒன்பது. மூணாவது தடவை பதினாலு. போன தடவை... இருபத்தொண்ணு. இருபத்தொரு தடவையும் பச்சை! அதுக்கப்புறமும் என்னம்மா சந்தேகம் உனக்கு?"

அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இந்த முறை உதட்டையும் அடக்காமல், நிற்கிறான்...

"மெஷின் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. உங்க ரெண்டு பேருக்கும்தான் ஒரு வார்த்தை பேச வாய் வரல," என்று சொல்லிப் பெரியக்கா ஆர்டரில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்ல மறந்து, ஓடியே போனாள்.

திங்கட்கிழமை விடியற்காலை. மழை தூறலாக இளைத்திருந்தது. முதல் வண்டி வந்து நின்றது. ஸ்டாப்பில் ஒரே ஒரு ஆள். கதவு திறந்ததும் அவன் திகைத்துப்போனான்.

"நீங்களா? இந்த வண்டி டிப்போவுக்கு எதிர்ப் பக்கம்ல போகுது..."

"தெரியும்."

பர்ஸிலிருந்து பஸ் கார்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். பீப். பச்சை. அதன் பிறகும் உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியங்களெல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"கோபத்துல கத்திட்டேன். வேலை போயிடுமோன்னு பயம். ஆனா... ரெண்டாவது சீட்டு வந்தப்பவே எனக்குத் தெரியும், மெஷின்ல ஒண்ணும் இல்லைன்னு. தெரிஞ்சுதான் வந்தேன். அடுத்த சீட்டு எப்போ வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றான்.

"ஏன், கேட்கலையா?"

"கேட்டுச்சு... எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடலாமேன்னு."

அவள் கையிலிருந்த குடையாலேயே அவனை அடிக்க ஓங்கினாள். பிறகு சொன்னாள், இன்னொரு தடவை.

அன்றைக்கு முதல் வண்டி நாலு நிமிஷம் தாமதம். டிப்போவுக்குத் திரும்பியதும், பயணக் குறிப்புத் தாளில் தாமதத்துக்கான காரணம் கேட்டிருந்த கட்டத்தில் அவன் உள்ளதை உள்ளபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டான்.