ஒன்பது பேருக்கான வீடு

"உட்கார மாட்டாளாம். நாம எல்லாம் உட்கார்ந்து கொட்டிக்கறோம், அவ மட்டும் நின்னுக்கிட்டே வேலை செய்யறாளாம். ஊருக்குக் காட்ட வேண்டாமா…"

விடுமுறைக்கு எடுத்த வாடகை வீட்டில் முதல் காலை. மாமியார் இதை மூத்த மருமகளிடம் சொல்லவில்லை, தேநீர்க் கோப்பையிடம் சொன்னார். மேசையைச் சுற்றி ஒன்பது நாற்காலி, ஒன்பது தட்டு. மூத்தவள் சுவரோரம் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கணவர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, உட்காரேன், அம்மாதான் சொல்றாங்களே என்றார். அவர் நாற்காலியை அவர் விடவில்லை.

மூன்று மாதமாக இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டது அவள்தான். ஏஜென்ட் கேட்ட தொகையைக் கேட்டு மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதால், நானே பார்த்துக்கறேன் மாமா என்று சொல்லிவிட்டாள். கமிஷன் மிச்சமானது. போனது என்ன என்று அப்போது தெரியவில்லை.

வீட்டுக்கான படிவத்தில் ஆளுக்கு ஒரு வரி: பெயர், வயது, தேவைகள். மாமனாருக்குத் தாழ்ந்த கட்டில். நாத்தனாருக்குத் தூசி ஆகாது. நாத்தனார் கணவருக்குக் குறட்டை, ஆகவே ஓரத்து அறை. ஓர்ப்படியின் சின்னவளுக்கு இரண்டு தலையணை. கடைசியில் தன் வரிக்கு வந்தாள். தேவைகள் என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகர மறுத்தது. என்ன தேவை என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு தன் வரியையே நீக்கிவிட்டு ஒன்பது பேராக அனுப்பினாள்.

நேற்று மதியம் வந்து இறங்கியதும் சோபாவில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் நாத்தனார் தன் கணவருக்குப் போட்ட தேநீரைக் கொழுந்தனிடம் நீட்டி, யாருக்கோ தவறிப் போட்டுவிட்டார்கள் என்றாள். மூத்தவள் எழுந்து நாத்தனார் கணவரைத் தேடிப் போனாள். அவர் கொல்லைக் குழாயடியில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். "நானும் உங்களோட வந்தவன்தானேம்மா?" என்று தயங்கிக் கேட்டார். அவள் நின்றுகொண்டிருக்கும்வரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து அரசியல் பேசினார்.

மாலைச் சிற்றுண்டிக்கு மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். ஓர்ப்படியின் சின்னவளைக் காணவில்லை. குழந்தை எங்கே என்றதற்கு ஓர்ப்படி பிஸ்கட்டை நனைத்தபடி, "எனக்கு ஒரே பையன்தானே அக்கா," என்றாள். மூத்தவள் துள்ளி எழுந்தாள். சின்னவள் தோட்டத்திலிருந்து கால் மண்ணைத் தட்டியபடி வந்தாள். அதன் பிறகு மூத்தவள் அந்த வீட்டுக்குள் உட்காரவில்லை. இரவு தூங்கியதுகூட அவர்கள் வந்த வேனில்தான்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் தன்னையும் சேர்க்கச் சொல்லிப் பார்த்தாள். மிகவும் மரியாதையான மனிதர். ஒன்பதுக்கு மேல் வீடு தாங்காது, வேண்டுமானால் ஒருவர் பெயரை அடித்துவிட்டு உங்களை எழுதலாம் என்று பட்டியலையும் பென்சிலையும் நீட்டினார். பென்சில் புதிதாகச் சீவியிருந்தது.

மாமியாருக்கு இதெல்லாம் தெரியாது. பதினோரு வருட மருமகள் புதிதாக வீம்பு பிடிக்கிறாள், அவ்வளவுதான். எழுந்து வந்தார், மூத்தவளின் தோளைப் பிடித்தார், தன் நாற்காலியிலேயே அழுத்தி உட்கார வைத்தார்.

"இனிமே நீ எழுந்தேன்னா நான் மனுஷியா இருக்க…"

வாக்கியம் அங்கேயே நின்றது. சொன்னவர் இல்லை.

மேசையில் யாரும் தலை நிமிரவில்லை. மாமனார் மட்டும், இன்னைக்கு என்னமோ நிம்மதியா இருக்கு என்றார்.

"அத்தை எங்கங்க?"

"எந்த அத்தை?" என்றார் கணவர்.

பட்டியல் போட்டவள் என்பதாலோ என்னவோ, அவளுக்கு மட்டும் எல்லோரும் நினைவில் இருந்தார்கள். பதினோரு வருட ஏச்சும் நினைவிருந்தது. நாற்காலி வசதியாக இருந்தது. ரொட்டி சூடாக இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டாள், இரண்டாவது வாயும் சாப்பிட்டாள். மூன்றாவது இறங்கவில்லை.

எழுந்து வாசலுக்குப் போனாள். மாமியார் ஜன்னலுக்கு வெளியே, செடிகளுக்கு நடுவே, ஒரு செருப்போடு நின்றிருந்தார்.

"தட்டினேன்டி. என் பிள்ளை என்னைப் பார்த்தான்… யாரோ விலாசம் கேக்க வந்தவளைப் பாக்கற மாதிரி பார்த்துட்டுத் திரையை இழுத்து விட்டான்."

அந்தப் பார்வையை மூத்தவளுக்குத் தெரியும்.

"நேத்துலேர்ந்து நீ நின்னது இதுக்குத்தானா?"

"ஆமாத்தை."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

மாமியார் நேர்மையாக யோசித்தார். "மாட்டேன்," என்றார். பிறகு மருமகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, செடிகள் அசையும்படி அழுதார். பதினோரு வருடத்தில் முதல்முறை என்பதால் மூத்தவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கொஞ்சம் கழித்துத் தெரிந்தது.

"உள்ள போங்கத்தை. உங்க இடம் இருக்கு."

"நான் உள்ள போனா நீ வெளிய நிப்ப. அந்த இடம் எனக்கு வேண்டாம். எட்டுப் பேர் இருக்காங்கல்ல, வேளைக்கு என்ன செய்யறதுன்னு அவங்களே பார்க்கட்டும்."

இருவரும் தெருவில் இறங்கினார்கள். பின்னால் கணவரின் குரல், இன்றைக்கு முதலில் எங்கே போவது என்று யாரையோ கேட்டது. வேறொரு குரலும் அதையே கேட்டது.

பேருந்து காலியாக வந்தது. மாமியாரை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, மூத்தவள் பழக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். நடத்துநர் கிழவியை மட்டும் பார்த்தார்.

"ஒரு டிக்கெட்டாம்மா?"

மூத்தவளும் ஒன்று என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிடித்த கையை விடவில்லை.

"ரெண்டு," என்றார். "நல்லாப் பார்த்துக் கிழி. ரெண்டு பேர்."