உண்ணாமலையின் கைராசி

இந்தக் கையால் இனி எப்படிச் சோறு பிசைவேன்?

தனம் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்த மறுநாள் காலை அது. மாமியார் சந்திரம்மாள் அவளைப் பின்கட்டுக் குளியலறைக்கு அழைத்துப் போனாள். ஜன்னல் இல்லாத அறை. குழாயில் கட்டியிருந்த துணி வழியாகத் தண்ணீர் சத்தமில்லாமல் ஒரு தகரத் தட்டில் வடிந்துகொண்டிருந்தது. தட்டின் நடுவே கருஞ்சிவப்பாக ஒரு கட்டி. யாரோ ஆட்டு ஈரலை ஊற வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தனம் குனிந்தாள்.

ஈரல் அசைந்தது.

"வண்ண மீனுக்குத் தீனிடி. நூல்புழு" என்றாள் சந்திரம்மாள். "கையை வுட்டு அலசு. செத்தது வெளுத்துப்போய் மேல வரும், அதை ஊத்திடு. ஒண்ணு செத்துக் கெடந்தாலும் நாத்தம் புடிச்சி மொத்தமும் போயிடும்."

"குச்சியால கலக்கக் கூடாதுங்களா அத்தை?"

"குச்சி பட்டா அறுந்து சாவும். கைதான்."

அவள் புருஷன் சகாதேவன் தேரடிக்குப் பக்கத்தில் வண்ணமீன் கடை வைத்திருந்தான். லாட்ஜுகளின் முன்னறையில் டி.வி. பெட்டி வந்து சேராத காலம். கண்ணாடித் தொட்டியும் அதில் வால் வீசும் மீன்களும்தான் பெருமை. தொட்டிகளுக்கு மீனும் தீனியும் அவன் கடையிலிருந்தே போயின. மீனுக்குப் பிடித்த புழுவோ ஊர்ச் சாக்கடைச் சேற்றில் வளர்ந்தது. தீபத்துக்கு ஜனம் வந்து குவியுமுன் முனிசிபாலிட்டிக்காரர்கள் சாக்கடை முழுக்க பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிடுவார்கள். அதன் பிறகு பல நாளைக்கு ஒரு புழு கிடைக்காது. ஆகவே முன்கூட்டியே அள்ளிவந்து, தீபம் முடியும்வரை உயிரோடு வைத்துக் காப்பாற்ற வேண்டும். மற்ற கடைக்காரர்கள் வைத்ததெல்லாம் அழுகிப்போகும். இந்த வீட்டுத் தட்டு மட்டும் அழுகாது.

"மூத்தவ கைராசி அப்படி" என்றாள் சந்திரம்மாள்.

மூத்தவள் என்றால் சகாதேவனின் முதல் மனைவி உண்ணாமலை. போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள் என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள்.

தனம் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள். கட்டி ஆயிரம் நூலாகப் பிரிந்து விரல் இடுக்குகளில் புகுந்தது. ஜில்லென்று, வழவழவென்று, ஒவ்வொன்றும் தனித்தனியாக நெளிந்தது. அடித்தொண்டையில் எச்சில் ஊறியது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள். சோற்றுத் தட்டில் குனிந்தால் நகக்கண்ணிலிருந்து சாக்கடை எழுந்து வந்தது. ரசத்தில் மிதந்த மல்லித்தழைக் காம்புகூட நெளிவதாகத் தோன்றியது.

"என்னாடி, டாக்டர் வூட்டுப் பொண்ணாட்டம் ஸ்பூன்ல துன்ற?" என்று சிரித்தாள் மாமியார்.

மேலே நிழல் விழுந்தால் நூல்புழுக்கள் வெடுக்கென்று சுருங்கும். சகாதேவன் வந்து நின்றால் கட்டி இறுகிக் கல்லாகும். சந்திரம்மாள் வந்தாலும் அப்படித்தான்.

தனத்தின் நிழலுக்கு மட்டும் அவை சுருங்கவில்லை.

எழுந்தன. நுனிகளை ஆட்டிக்கொண்டு அவள் பக்கமாக எழுந்தன.

தன்னிடம் பழகிவிட்டன என்று எண்ணிக்கொண்டாள். எண்ணியதும் அருவருப்பு இரட்டித்தது. இதுகள் பழகும் அளவுக்குத் தன்னிடம் என்ன இருக்கிறது?

ஒரு காலையில் விளக்கைப் போட்டபோது தட்டின் நடுவில் கட்டி இல்லை. புழுக்கள் தட்டு முழுக்கப் பரவியிருந்தன.

ஓர் உள்ளங்கையாக.

கட்டைவிரல். சுட்டுவிரல். நடுவிரல். அப்புறம் சுண்டுவிரல்.

நடுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் வெறும் தண்ணீர்.

தனம் தட்டை உலுக்கினாள். கலைந்தது. மறுநாள் காலையிலும் அதே கை, அதே இடத்தில் அதே இடைவெளி.

அன்று மத்தியானம் மாமியார் முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தனம் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, அக்காவுக்குக் காய்ச்சல் எப்படி வந்துச்சி?"

சந்திரம்மாளின் கை நின்றது. வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மோதிர விரல்ல ஒரு கீறல். அதோட தட்டுல கையை வுட்டா. கை பப்பாளிக்கா மாதிரி வீங்கிச்சி. தீபம் முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போலாம்னான் இவன். முடிஞ்சி போனப்ப விரலை எடுத்துட்டாங்க. அப்பவும் தாங்கல. விஷம் மேல ஏறிடிச்சி."

சொல்லிவிட்டு அடுத்த மல்லாட்டையை எடுத்து உடைத்தாள். பருப்பை வாயில் போட்டுக்கொண்டாள்.

தனத்துக்குக் குமட்டியது. புழுவை நினைத்து அல்ல. அந்த மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தானும் முறத்திலிருந்து ஒன்றை எடுத்து உரித்துக்கொண்டிருந்ததை நினைத்து.

தீபத்தன்று காலை வாழைக்காய் நறுக்கும்போது அரிவாள்மனை அவள் விரலில் இறங்கியது. வலக்கையில், மோதிர விரலில். துணியைச் சுற்றிக்கொண்டாள். அன்று பின்கட்டுக்குப் போகவே இல்லை.

பொழுது சாயும்போது வீடெல்லாம் நாறியது. அழுகிய முட்டையும் ஊறிப்போன தோலும் கலந்த நாற்றம். சந்திரம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தீபம் பார்க்க மாடிக்குப் போய்விட்டாள். சகாதேவன் வேர்க்க விறுவிறுக்க வந்தான்.

"லாட்ஜுல மீனுங்க பட்டினி கெடக்குது. என்னா நாத்தம் இது? அலசலியா?"

"கையை வெட்டிக்கினேங்க."

அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனான். தட்டில் பாதி வெளுத்து மிதந்தது. மீதி அடியில் சிவப்பாகத் துடித்தது. அவன் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல இதமாகச் சொன்னான்.

"துணிதான் கட்டிக்கினு இருக்கியே தனம். ஒரு நிமிஷம் கையை வுட்டு எடு. தீபம் முடியட்டும், நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

போன வருஷமும் இவன் இதே இதத்தோடு, இதே இடத்தில் நின்று சொல்லியிருப்பான்.

"நீங்களே அலசுங்க."

"கையைத்தான் வுடணும், கழுத்தையா வுடச் சொன்னேன்?" என்று முணுமுணுத்தபடி சகாதேவன் குந்தினான். அவன் நிழல் தட்டின்மேல் விழுந்தது.

புழுக்கள் சுருங்கவில்லை.

அவன் கையை விட்டான். அவை மெதுவாக விலகி இடம் கொடுத்தன.

பிறகு மூடின.

"ஜில்லுனு கீது" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கையை இழுத்தான். தட்டும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. உதறினான். தண்ணீர் சிதறியது, ஒரு புழுகூட விழவில்லை. கல்யாண மோதிரத்தைச் சுற்றி அவை கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தன. மோதிரத்துக்குக் கீழே தோல் நிறம் மாறத் தொடங்கியது.

வெளியே ஊரே ஒரே குரலாக 'அரோகரா' என்று எழுந்தது. மலையில் தீபம் ஏறிவிட்டது. அந்தச் சத்தத்தில் அவன் கத்தியது மாடிக்குக் கேட்டிருக்காது.

சத்தம் அடங்கியபோது அவன் குரல் கிசுகிசுப்பாகியிருந்தது.

"தனம்... உன் கைக்குத்தான் வுடும். கையைக் குடு. எடுத்து வுடு."

தட்டில் புழுக்களின் அந்தக் கை மறுபடி விரிந்து கிடந்தது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல். நடுவில் இருந்த இடைவெளியில் அவன் மோதிர விரல். இப்போது ஐந்தும் இருந்தன.

தனத்தின் நிழல் பட்டதும் புழுக்கள் நுனி தூக்கி அவளைப் பார்த்தன. பதிலுக்குக் காத்திருப்பவைபோல அசையாமல் நின்றன.

இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்குக் குமட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

துணி சுற்றிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தீபம் முடியட்டுங்க" என்றாள் மெதுவாக.