கட்டிப்போட்ட மணிக்கட்டு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு வேலை. நடுவில் புத்தகங்களை வரிசையாக நிறுத்திவிட்டால் அதுதான் டேபிள் டென்னிஸ் மேசை. சாப்பிடவும் கொஞ்சம் இடம் விடச் சொல்லி அம்மா கெஞ்சுவாள்.

அண்ணன் சர்வ் போட்டால் பந்து நேராக வருவதுபோல் வந்து, கடைசி நொடியில் பக்கவாட்டில் ஓடிவிடும். எல்லாம் மணிக்கட்டு செய்கிற வேலை. மட்டை பந்தைத் தொடும்போது அதைச் சட்டென்று ஒரு சுண்டு சுண்டுவான். நான் காற்றை அடிப்பேன். அவன் இல்லாதபோது கண்ணாடி முன் நின்று அதையே பழகுவேன்.

ஆறு மாதத்துக்கு முன் அண்ணன் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அந்த மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. உள்ளே தகடு வைத்தார்கள். கை பிழைத்தது. ஆனால் மணிக்கட்டு இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நேற்றுதான் மறுபடி விளையாடினோம். அவன் அடித்த பந்து சுழலாமல் சப்பென்று வந்தது. எனக்கு அழுகை முட்டியது. வேண்டுமென்றே நான்கு பந்துகளை வெளியே அடித்தேன்.

அண்ணன் நிறுத்திவிட்டான். "வாலு, அடிக்கிறதுக்கு முன்னாடியே உன் மணிக்கட்டு வெளிய திரும்புது. எனக்குத் தெரியாதா? பாவம் பார்த்து யாரும் என்கூட விளையாட வேண்டாம்."

மட்டையை அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இனி அதைத் தொடவே மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

இன்று பள்ளி விட்டு வந்ததும் என் மர ஸ்கேலைப் புறங்கையோடு சேர்த்து வைத்து, அண்ணனின் பழைய பேண்டேஜால் சுற்றினேன். பல்லால் இழுத்துக் கட்டியதில் கட்டு கோணல்மாணலாக வந்தது. நாற்காலி போட்டு ஏறி அவன் மட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"இப்ப ரெண்டு பேருக்கும் மடங்காது. வா."

அண்ணன் என் கட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு வந்தான்.

என் பந்தும் சப்பென்றுதான் போனது. தோளிலிருந்து வீசியதில் உப்பு ஜாடி கவிழ்ந்தது. அண்ணன் ஆறு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தான். பதினொன்றுக்கு ஒன்பது, அவன்தான் ஜெயித்தான். நான் ஒரு பந்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

அவன் என் அருகில் வந்து கட்டைப் பிரிக்க ஆரம்பித்தான். "என்னோடது போனது போனதுதான். உன்னோடதை எதுக்குக் கட்டிப்போடற? என் சர்வை நீ போடு. கண்ணாடி முன்னாடி பழகினதெல்லாம் நான் பார்க்கலையா?"

சுண்டினேன். பந்து நேராகப் போவதுபோல் போய், கடைசி நொடியில் பக்கவாட்டில் ஓடியது. அண்ணன் காற்றை அடித்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்ப் பந்தைப் பொறுக்கி வந்தான்.

"இன்னொண்ணு போடு" என்றான்.