துரு துடைக்காத விளக்கு

குற்றாலச் சாரலில் ரிம் நனைந்தால் பழைய சைக்கிளில் பிரேக் பிடிக்காது. தென்காசியிலிருந்து ஞாயிறுதோறும் தன் பழைய சைக்கிளை மிதித்து வரும் சங்கரேஸ்வரிக்கு அது தெரியும். எதிரே பளபளவென்று பச்சை சைக்கிளில் வந்தவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்... இருந்தும் வந்து முட்டினான்!

“கண்ண எங்கங்க வச்சிட்டு ஓட்டுதீங்க?”

“உங்க வண்டி மேலதான்...” என்றான், கூச்சமே இல்லாமல். “ஒரிஜினல் சீமை ஹம்பர் சைக்கிள்லா! நான் மணிமுத்து, இலத்தூர். எங்கிட்டயும் ஒம்பது பழைய சைக்கிள் நிக்கு.”

மழை வலுத்தது. டீக்கடைத் தகரத்துக்குக் கீழே இருவரும் ஒதுங்கினார்கள். ஸ்பிரிங் சீட்டின் கிறீச்சும், ஏற்றத்தில் டைனமோவின் முனகலும் அவளைப் போலவே அவனுக்கும் சங்கீதமாம். பேசப் பேச அவன் கண்கள் சிரித்தன... பாழாய்ப்போன அழகான கண்கள்.

அவன் வாய் சும்மா இருக்கக் கூடாதா?

“துருவத் தேச்சு, பெயிண்ட் அடிச்சு, ஒரு விளக்கு மாட்டினா ஜம்முனு இருக்கும். இந்த வண்டிக்கான பழைய விளக்கே எங்கிட்ட கெடக்கு, தாரேன்.”

அவள் முகம் சுருங்கியது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு அவளது இடது புருவத்தை இரண்டாக்கியிருந்தது. நேற்றுப் பெண் பார்க்க வந்தவர்களும், ‘லேசா மேக்கப் போட்டா மறைஞ்சிரும்’ என்றுதானே சொன்னார்கள்?

“இருக்கபடி பிடிக்கலேன்னா பாக்காதீங்க. உங்க விளக்கும் வேண்டாம்!”

கொட்டும் மழையிலேயே கிளம்பிவிட்டாள். வீறாப்பாக வந்தாளே தவிர, வாரம் முழுக்க மனசு அந்தத் தகரத்துக்குக் கீழேயே நின்றது. அப்படியொரு விளக்குக்காக எத்தனை பழைய இரும்புக் கடை ஏறி இறங்கியிருக்கிறாள்! விளக்கு கிடக்கட்டும்... அந்தக் கண்கள்?

அடுத்த ஞாயிறு, தற்செயலாகப் போவது போல அதே டீக்கடைக்குப் போனாள். மணிமுத்து பொட்டலத்தோடு காத்திருந்தான். பிரித்தால் விளக்கு... நெளிந்து, துருவேறி.

“துடைக்கக்கூட இல்லங்க. எதக் கண்டாலும் தேச்சுப் பளபளன்னு ஆக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராது. இந்த வாரம் கையக் கட்டிக்கிட்டு இருந்தேன்.” அவன் குரல் தணிந்தது. “அன்னைக்குச் சொன்னது தப்பு. இருக்கபடியே பிடிச்சிருக்கு.”

“சைக்கிளா?”

“ஓட்டுத ஆளையும்தான்... அந்தப் புருவத்தோட.”

சங்கரேஸ்வரி புருவத்தை மறைத்துக் கிடந்த முடியை மெல்லக் காதோரம் ஒதுக்கினாள்.

“எனக்கும் பிடிச்சிருக்கு... பொண்ணு பாக்க எங்க வீட்டுக்கு வாங்க. ஆனா மேக்கப் போட்டு நிக்க மாட்டேன். சம்மதமா?”

“இப்பவே வரட்டுமா?”

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“ரோடு ஈரமா கெடக்கு, பிரேக் பிடிக்காது... மெதுவாவே வாங்க!”